கடன் வாங்கிக் காட்டேஜ் கட்டும் முன்: கொடைக்கானல் மலை வீட்டுக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மேல்மலை, கீழ்மலை, கொடைக்கானல் டவுன் எங்கும் வீட்டில் ரூம் விட்டுப் பிழைக்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம்.

வில்பட்டிப் பக்கம் எங்கள் தெருவில் ஒரே மாதத்தில் மூன்று வீட்டு வாசலில் ஜல்லி இறங்கியிருக்கிறது. மூன்று வீட்டாரையும் எனக்குத் தெரியும். ஒருவர் என்னிடம் பிளஸ் டூவில் கணக்குப்பதிவியல் படித்தவர். என்ன கட்டுகிறீர்கள் என்று கேட்டால் மூவரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். "ஆப்புல போட்டா புக்கிங் வருது டீச்சர். இன்னும் ஒரு காட்டேஜ் இருந்தா செட்டில் ஆயிடலாம்." பணம்? பேங்க் லோன். ஒருவர் பாதிக்கு நகையை வைத்திருக்கிறார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 31 வருடம் வணிகவியல் நடத்தியவள் நான். ஒன்பது வருடமாக என் வீட்டின் மேல்மாடியில் இரண்டு ரூம் விடுகிறேன். அப்படியிருந்தும், யாருடைய ஆப்பை நம்பி என் கதவைத் திறந்து வைத்திருக்கிறேனோ அந்தக் கம்பெனியின் வரவு செலவை ஒரு நாளும் உட்கார்ந்து படித்ததில்லை. மண்டியில் சரக்கு போடுகிறவர் மண்டிக்காரரின் நாணயத்தை நாலு பேரிடம் விசாரிக்காமல் போடுவாரா? அதனால் வீட்டு ரூம்களை ஆப் வழியாக வாடகைக்கு விட்டுக்கொடுக்கும் தொழிலில் முதலிடத்தில் இருக்கும் ஏர்பிஎன்பி தன் பங்குதாரர்களுக்குச் சொல்லியிருக்கும் கணக்குகளை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மாதம் படித்தேன். படித்ததைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அவர்கள் தொடங்கிய கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 2007 அக்டோபரில் சான்பிரான்சிஸ்கோவில் பிரையன் செஸ்கி, ஜோ கெபியா என்ற இரண்டு இளைஞர்களுக்கு வாடகை கொடுக்கப் பணமில்லை. ஊரில் ஒரு வடிவமைப்பு மாநாடு, ஓட்டல்கள் நிரம்பிவிட்டன. காற்றடைத்த மெத்தை மூன்றைக் கூடத்தில் போட்டு, இரவுக்கு 80 டாலர் என்று மூன்று பேரைத் தங்கவைத்தார்கள். அடுத்த வருடம் நேதன் பிளெச்சார்சிக்கும் சேர, அது கம்பெனியானது. இந்தக் கதையில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்றுதான். அந்த மூன்று விருந்தாளிகளும் வீட்டுக்காரர்கள் இருக்கும் வீட்டில்தான் தங்கினார்கள்.

இன்று அது 2024இல் மட்டும் 1,110 கோடி டாலர் வருவாய் பார்த்த நிறுவனம். நிகர லாபம் ஏறத்தாழ 260 கோடி டாலர். உலகம் முழுக்க 50 லட்சத்துக்கும் மேற்பட்ட வீட்டுக்காரர்கள், 80 லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்கள். அவற்றில் ஒரு கட்டில்கூட அவர்களுடையது இல்லை.

கட்டில் இல்லாமல் எதை விற்கிறார்கள்? நம்பிக்கையை. அதை லேசாகச் சொல்லிவிட முடியாது. முன்பின் தெரியாத ஒரு குடும்பம் கொல்கத்தாவில் இருந்துகொண்டே வில்பட்டியில் என் வீட்டுக்கு முன்கூட்டிப் பணம் கட்டுகிறது. நானும் முன்பின் தெரியாதவருக்கு என் வீட்டுச் சாவியைக் கொடுக்கிறேன். இந்த இரண்டு பயங்களையும் ஒரே நேரத்தில் போக்குவது பெரிய வேலை. அதற்காக அவர்கள் செலவழித்திருக்கிறார்கள், கற்றுக்கொண்டும் இருக்கிறார்கள். 2009இல் வாரத்துக்கு 200 டாலர்தான் வரவு என்று தவித்தபோது, நியூயார்க்குக்குப் போய் வீடு வீடாக நல்ல கேமராவில் தாங்களே படம் எடுத்துக் கொடுத்தார்கள், புக்கிங் ஏறியது. 2011இல் ஒரு வீட்டுக்காரரின் வீட்டைத் தங்க வந்தவர் சூறையாடிய பிறகு, சேதத்துக்கு ஈடு தரும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். ஆகவே அவர்கள் எடுக்கும் கமிஷனைக் கொள்ளை என்று நான் சொல்ல மாட்டேன். அது எவ்வளவு என்பதையும், எதற்குப் போகிறது என்பதையும், நம்மிடம் என்ன மிஞ்சுகிறது என்பதையும் தெரிந்துகொண்டு கொடுங்கள் என்கிறேன்.

பூண்டை வடுகபட்டிச் சந்தைக்கு அனுப்பும் பூம்பாறைக்காரர்களுக்கு இது உடனே பிடிபடும். கமிஷன் கடைக்காரர் ஒரு பல் பூண்டும் விளைவிப்பதில்லை. ஆனால் விற்கிறவர் அங்கே கூடுவதால் வாங்குகிறவர் அங்கே வருகிறார். வாங்குகிறவர் அங்கே வருவதால் விற்கிறவர் வேறெங்கும் போவதில்லை. ஒரு முறை சூடுபிடித்த சந்தையை இன்னொருவர் பக்கத்துத் தெருவில் கடை போட்டுக் கலைத்துவிட முடியாது.

இதில் ஏர்பிஎன்பிக்கு இன்னும் ஒரு படி மேலான பலம் உண்டு. மதுரையில் ஒரு டாக்சி ஆப்புக்குப் போட்டியாக இன்னொன்றைத் தொடங்க, மதுரை டிரைவர்களும் மதுரைப் பயணிகளும் இருந்தால் போதும். ஆனால் கொடைக்கானல் வீடுகளை மட்டும் சேர்த்து நாளை நீங்கள் ஓர் ஆப் தொடங்கினால் யார் திறப்பார்கள்? தங்க வருகிறவர் பெங்களூரில், கொச்சியில், ஜெர்மனியில் இருக்கிறார். இந்த மாதம் இங்கே வருகிறவர் அடுத்த விடுமுறைக்கு கோவா போவார். அவர் போனில் ஏற்கெனவே இருக்கும் ஆப்பில்தான் தேடுவார். உலகம் முழுக்க வீடுகளைச் சேர்த்தவரோடு உலகம் முழுக்க வீடுகளைச் சேர்த்துத்தான் மோத முடியும். இதை நகலெடுப்பது கடினம் என்பதால்தான் 2020 டிசம்பரில், ஊரே முடங்கிக் கிடந்த வருடத்தில், 68 டாலருக்கு வெளியிட்ட பங்கை முதல் நாளே இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள்.

இப்போது நம் பக்கத்துக்கு வருகிறேன். இங்கேதான் என் கவலை.

அந்தக் கம்பெனிக்கு ஒவ்வொரு புது ரூமும் லாபம்தான். வில்பட்டியில் பத்து காட்டேஜ் கூடினால், தேடுகிறவருக்குப் பத்து விதமான படம் கூடும், விலை இறங்கும், இறங்கிய விலையில் அவர் சீக்கிரம் பணம் கட்டுவார். யார் காட்டேஜ் நிரம்பினாலும் கமிஷன் ஒன்றுதான். பெரிய நகரத்தில் ரூம் கூடக் கூட வருகிறவர்களும் கூடலாம். நம் மலைக்கு அது பொருந்தாது. நமக்கு வத்தலக்குண்டு ஏற்றம் ஒன்று, பழனி ஏற்றம் ஒன்று. பெரியகுளத்திலிருந்து அடுக்கம் வழியாக வரும் சின்னப் பாதை ஒன்று. இந்தப் பாதைகள் தாங்குவதற்கு மேல் ஒரு வண்டியும் வர முடியாது. சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7இல், மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாட்களில் நாளுக்கு 4,000 வண்டி, வார இறுதியில் நாளுக்கு 6,000 வண்டி என்று எண்ணிக்கைக்கே வரம்பு கட்டினார்கள். ஊட்டி இருக்கும் நீலகிரிக்கு 6,000, 8,000. மலை தாங்குமா என்று கேட்டுத்தான் நீதிமன்றம் இதைச் செய்தது. ஏப்ரலில் லாரித் தண்ணீருக்கு வாளியோடு நின்றவர்கள் யாரும் அந்தக் கேள்வியைத் தவறென்று சொல்ல மாட்டார்கள்.

வருகிற வண்டிக்கு உச்சவரம்பு உண்டு; கட்டுகிற ரூமுக்கு இல்லை. அப்படியென்றால் புதிதாகக் கட்டும் காட்டேஜ் புது விருந்தாளியைக் கொண்டுவராது. பக்கத்து வீட்டு அக்காவின் விருந்தாளியைத்தான் கொஞ்சம் குறைந்த விலையில் பிரித்துக் கொடுக்கும். சந்தைக்காரருக்கு மொத்தத்தில் குறைவில்லை. குறைவது நமக்குள்.

சரி, கணக்குக்கு வருவோம். பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

காட்டேஜ் ஒன்றுக்கு 15 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, 7 வருடம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 25,700 ரூபாய் வரும். ரூம் விலை இரவுக்கு 2,000. பல வருடமாக நமக்குப் பழக்கமான முறையில் அவர்கள் நம்மிடம் 3 சதவீதமும் தங்குகிறவரிடம் 14 சதவீதம் போலவும் எடுக்கிறார்கள். (சாப்ட்வேர் வைத்துப் பல ரூம்களை நிர்வகிப்பவர்களுக்கு 2025 அக்டோபரிலிருந்து மொத்தக் கட்டணமும், 15.5 சதவீதம், வீட்டுக்காரர் தலையிலேயே வந்துவிட்டது.) பழைய முறைப்படியே போட்டால் நம் கைக்கு 1,940. அதில் சலவை, தண்ணீர், கரண்ட், விறகு, காலை டிபன், சுத்தம் செய்கிறவர் கூலி என்று 600 கழியுங்கள். என் நோட்டில் அதற்குக் குறைந்து வந்த மாதம் இல்லை. மிச்சம் 1,340.

தவணையை மட்டும் கட்ட, வருடத்துக்கு 230 இரவு அந்தக் காட்டேஜ் நிரம்ப வேண்டும்.

நிரம்புமா? ஏப்ரல், மே இரண்டு மாதமும் ஒரு நாள்கூடக் காலி இல்லை என்று வையுங்கள்: 61 இரவு. மீதிப் பத்து மாதத்தில் வெள்ளி, சனி இரண்டு இரவும் தவறாமல் நிரம்புகின்றன என்று வையுங்கள்: 87. ஆயுத பூஜை, தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கலுக்கு இன்னொரு 20. கூட்டினால் 168. ஜூலைக் காற்றிலும் நவம்பர் மழையிலும் வார நாட்களில் யார் வருகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

சீசனில் விலை இரட்டிப்பாகுமே என்பீர்கள். அதையும் சேர்த்தேன். அந்த 61 இரவுக்கும் 4,000 வீதம் கிடைத்தால், தவணை போக வருடக் கடைசியில் உங்கள் கையில் நிற்பது 35,000 ரூபாய் சொச்சம். மாதத்துக்கு 3,000. இதுவும் ஒரு புக்கிங்கூட ரத்தாகாமல், கீசர் பழுதாகாமல், மண் சரியாமல், கஜா புயல் போல ஒரு காற்று கூரையைத் தூக்காமல் இருந்தால்.

அதே 168 இரவில், நம்மிடமும் தங்குகிறவரிடமும் எடுப்பதைச் சேர்த்து, ஆப்புக்குப் போகும் கமிஷன் ஏறத்தாழ 78,000 ரூபாய்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். ஏற்கெனவே இருக்கும் வீட்டில், மகன் வேலைக்குப் போய்க் காலியான அறையை விடுகிறீர்கள், கடன் இல்லை. வருடத்துக்கு 100 இரவு நிரம்பினாலே 1,34,000 ரூபாய் கையில் நிற்கும். வராத நாளில் நஷ்டம் என்று எதுவும் இல்லை. படுக்கையை மடித்து வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போகலாம். அதே அறைதான், அதே ஆப்தான். கடன் ஒன்றுதான் வித்தியாசம்.

ஏர்பிஎன்பியின் வியாபார மூளையும் இதுவேதான் என்பதை இந்த ஒரு மாதத்தில்தான் புரிந்துகொண்டேன். அவர்கள் கட்டடத்தில் பணத்தை முடக்கவில்லை. காலியான இரவின் நஷ்டம் அவர்கள் கணக்கில் ஏறுவதே இல்லை. நம் கணக்கில்தான் ஏறுகிறது. தங்குகிறவர் இரண்டு மாதம் முன்பே கட்டும் பணம் அவர்களிடம் இருக்கும். நமக்கு வருவது அவர் வந்து இறங்கி ஒரு நாள் கழித்து. சொந்தக் கையிருப்பும் இப்படித் தங்கி நிற்கும் பணமும் சேர்ந்து 2024இல் ஈட்டிக் கொடுத்த வட்டி மட்டும் 80 கோடி டாலருக்கு மேல். நாம் வட்டி கட்டுகிற இடத்தில் அவர்கள் வட்டி வாங்குகிறார்கள். இதில் மறைவோ சட்டமீறலோ எதுவும் இல்லை. தொழிலை அப்படி அமைத்திருக்கிறார்கள். அவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டியது இந்த நிதானத்தைத்தான்: கடனில் கட்டடம் போடாதே.

2020ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச்சில் ஊரடங்கு வந்ததும், யார் ரத்து செய்தாலும் முழுப் பணமும் திரும்பும் என்று அந்தக் கம்பெனி அறிவித்தது. நோய்ப் பயத்தில் இருந்த பயணிக்கு அது நியாயம். ஆனால் ரத்து விதியை நம்பி இருந்த வீட்டுக்காரர்களுக்கு ஒரே இரவில் வரவு நின்றது. உலகம் முழுக்க எதிர்ப்பு எழுந்த பிறகு, செஸ்கி வருத்தம் தெரிவித்து, வீட்டுக்காரர்களுக்கு 25 கோடி டாலர் ஒதுக்கினார். ரத்து விதிப்படி கிடைத்திருக்க வேண்டியதில் கால் பங்குதான் அது. மே மாதம் 1,900 பேரை, நாலில் ஒருவரை, வேலையை விட்டு அனுப்பினார்கள். 200 கோடி டாலர் வெளியிலிருந்து திரட்டினார்கள். டிசம்பரில் பங்குச் சந்தைக்குள் நுழைந்தார்கள். சுமை குறைவாக இருந்ததால் அந்த வெள்ளத்தில் அவர்களால் நீந்த முடிந்தது. நம் மலையில் அந்த வருடம் கடன் தவணைக்காகத் தோட்டத்தை ஒத்திக்கு விட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் இரண்டு பேர் இன்னும் மீட்கவில்லை.

இடர் வரும்போது பயணி பக்கம் நிற்பதுதான் அவர்களுக்கு எப்போதும் சரியான முடிவாக இருக்கும். பயணி போனால் சந்தை கலைந்துவிடும்; ஒரு வீட்டுக்காரர் போனால் இன்னொருவர் வருவார். இதை மனதில் வைத்து உங்கள் கடனை முடிவு செய்யுங்கள்.

அடுத்தது மதிப்புரை. விருந்தாளி போகும்போது எழுதிவிட்டுப் போகும் நல்ல வார்த்தையை நம் சொத்து என்று நினைக்கிறோம். அதை வேறு ஆப்புக்கு எடுத்துப்போக முடியாது. வீட்டு வாசலில் ஒட்டிக்கொள்ளவும் பயன்படாது. வியாபாரத்தில் நற்பெயர் என்று ஒரு சொத்து உண்டு என்று பாடம் நடத்தியிருக்கிறேன். இந்த வியாபாரத்தில் நாம் உழைத்துச் சேர்க்கும் நற்பெயர் அவர்கள் பேரேட்டில் இருக்கிறது. எனக்கே நடந்தது சொல்கிறேன். எந்த ஆப் என்பது இங்கே முக்கியமில்லை. இரண்டு வருடம் முன்பு, யாரோ கொடுத்த ஒரு புகாரின் பேரில் ஆப்பில் என் வீட்டுக்கான பக்கம் திடீரென்று மறைந்துபோனது. ஆறு வருட மதிப்புரைகள் ஒன்றும் கண்ணில் படவில்லை. யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. எழுதினால் ஒரே மாதிரி பதில் வந்தது. பதினோராம் நாள் அதுவாகவே திரும்பி வந்தது. நடுவில் ஒரு கிறிஸ்துமஸ் போய்விட்டது. எனக்கு ஓய்வூதியம் இருக்கிறது, தாங்கினேன். தவணை கட்டுகிறவர் என்ன செய்வார்?

ஏர்பிஎன்பியில் சிறந்த வீட்டுக்காரர்களுக்குத் தரும் சூப்பர்ஹோஸ்ட் பட்டத்துக்கு மதிப்பெண் 5க்கு 4.8, பதில் சொல்லும் விகிதம் 90 சதவீதம், நம் பக்கத்திலிருந்து ரத்து 1 சதவீதத்துக்கும் கீழே இருக்க வேண்டும். இந்த அளவுகோல் பாரிசுக்கும் மன்னவனூருக்கும் ஒன்றுதான். கரண்டும் டவரும் இரண்டு நாள் சேர்ந்து போகிற ஊரில் இருந்துகொண்டு அதைக் காப்பாற்றுகிற தங்கைகளை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. அந்த உழைப்பு அவர்கள் பெயரிலேயே சேர வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன்.

அதற்கு வழி இருக்கிறது. ஆப் மூலம் வந்தவரை அடுத்த முறை வெளியில் வாருங்கள் என்று அழைப்பது அவர்கள் விதிக்கு விரோதம். கையெழுத்திட்டுவிட்டு அதை மீறுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு ரூம் இருந்தால் ஒன்றை ஆப்பில் போடுங்கள், மற்றொன்றை உங்கள் பெயரில் நடத்துங்கள். வாசலில் போர்டு, பழைய விருந்தாளியின் சொந்தக்காரர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோர், பறவை பார்க்க வருகிறவர், கோயிலுக்கு வருகிறவர் என்று அந்த ரூம் மெதுவாகத்தான் நிரம்பும். என் இரண்டாவது ரூம் நிரம்ப மூன்று வருடம் ஆனது. ஆனால் அதில் வருகிறவர்களுக்கு என் பெயர் தெரியும், என் வீட்டு ரசம் தெரியும். எந்தக் கம்பெனி எந்த விதியை மாற்றினாலும் அவர்கள் வருவார்கள்.

இன்னும் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கம்பெனியைக் கட்டுப்படுத்த முயன்ற ஊர்களைப் பாருங்கள். நியூயார்க் 2023 செப்டம்பரிலிருந்து, 30 நாளுக்குக் குறைந்த தங்கலுக்கு வீட்டுக்காரர் அதே வீட்டில் இருக்க வேண்டும், இரண்டு பேருக்கு மேல் கூடாது என்கிறது. பார்சிலோனா, சுற்றுலா உரிமம் பெற்ற 10,000க்கும் மேற்பட்ட வாடகை வீடுகளை 2028க்குள் நிறுத்தப்போவதாக 2024இல் அறிவித்தது. நம் ஒன்றிய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்திலும் முதல் நிபந்தனை, குடும்பம் அங்கேயே குடியிருக்க வேண்டும் என்பதுதான். ஆறு ரூமுக்கு மேல் கூடாது. சட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரிகிறது: வீட்டுக்காரர் இருக்கும் வீடு நிற்கும், பூட்டிக் கிடந்து ஆப்பில் மட்டும் திறக்கும் கட்டடத்துக்கு என்றைக்கும் ஆபத்து. மாஸ்டர் பிளானை மீறிய கட்டடங்களுக்கு 2019இல் நம் டவுனில் சீல் வைத்தபோது கடன்காரராக நின்றவர்களின் முகம் உங்களுக்கு மறந்திருக்காது. அந்தக் கம்பெனியே 2023 மே மாதம், வீட்டுக்காரரோடு தங்கும் அறைகளைத் தனியாகத் தேடும்படி ஆப்பை மாற்றியது. அவர்கள் தொடங்கிய இடத்துக்கே அவர்களும் திரும்பிப் பார்க்கிறார்கள். நாம் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. ஏன் கடன் வாங்கிக்கொண்டு நகர வேண்டும்?

வெளியூரிலிருந்து வந்து எட்டு வீட்டை லீசுக்கு எடுத்து ஆள் வைத்து நடத்துகிறவரோடு விலையில் நாம் போட்டி போட முடியாது. போட வேண்டியதும் இல்லை. அவரிடம் இல்லாதது நம்மிடம் இருக்கிறது: காலையில் கதவைத் தட்டி, "குளிருதா, இன்னொரு கம்பளி தரட்டுமா?" என்று கேட்கும் ஆள். குடும்பம் குடியிருக்கும் வீடுகளைத் தனிப் பட்டியலாக எழுதி, தண்ணீர் வரியிலும் உரிமத்திலும் அவற்றைத் தனியாகப் பார்க்கும்படி நகராட்சியிடமும் ஊராட்சிகளிடமும் நாம் சேர்ந்து கேட்க வேண்டும். தனித்தனியாகப் போனால் அது நடக்காது.

ஜல்லி இறக்கிய மூன்று பேரிடமும் நேரில் பேசிவிட்டேன். ஒருவர் ஆஸ்திவாரம் தோண்டுவதை நிறுத்தி வைத்திருக்கிறார். ஒருவர் யோசிப்பதாகச் சொன்னார். மூன்றாமவர் கோபித்துக்கொண்டார், அவர் வீட்டுக்கு மறுபடியும் போவேன்.

உங்களில் கட்ட நினைப்பவர்கள், பேங்கில் கையெழுத்துப் போடும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை என் வீட்டுக்கு வாருங்கள். வில்பட்டியில் கணக்கு டீச்சர் வீடு என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். போன வருடம் எத்தனை இரவு நிரம்பியது, என்ன வந்தது, என்ன போனது என்று எழுதிய நோட்டைக் கொண்டுவாருங்கள். நோட்டு இல்லாதவர்கள் பாஸ்புக்கும் போனும் கொண்டுவந்தால் போதும். இரண்டையும் வைத்து நாமே உட்கார்ந்து எழுதிவிடலாம்.

அன்புடன்,
வில்பட்டியிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு வணிகவியல் ஆசிரியை